வலிக்காத கட்டியை மறைக்காதீர்!

மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. வலியில்லை. காய்ச்சலில்லை. வேலைக்குப் போக முடிகிறது. ஆகவே, நடவு முடியட்டும், போனஸ் வரட்டும், மகள் கலியாணம் ஆகட்டும் என்று நாள் தள்ளிப்போகிறது. புருஷனிடம் சொல்லவும் கூச்சம், டாக்டரிடம் காட்டவும் கூச்சம். நமது உழைப்பாளிக் குடும்பங்களில் இது சகஜமாக நடக்கிற காரியம். இந்தத் தாமதம்தான் உயிரைக் குடிக்கிறது. மார்புப் புற்றுநோயைப் பற்றி ஆண்களும் பெண்களும் ஒளிவுமறைவின்றிப் பேசியாக வேண்டும்.

2022-ம் ஆண்டில் உலகெங்கும் 23 லட்சம் பெண்களுக்கு இந்நோய் கண்டது. 6,70,000 பேர் மாண்டனர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. அதே ஆண்டில் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்கு நோய் கண்டதாகவும், சுமார் 98,000 பேர் மாண்டதாகவும் மதிப்பிட்டுள்ளனர். பணக்கார நாடுகளில் இந்நோய் கண்ட பெண்களில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் ஐந்தாண்டு கடந்தும் உயிரோடிருக்கிறார்கள். இந்தியாவிலோ 66 பேர்தான்.

வியாதி ஒன்றுதான். அதற்கு வைத்தியமும் இருக்கிறது. பின் ஏன் இந்த வித்தியாசம்? நோயைக் கண்டுபிடிப்பதில் தாமதம். வைத்தியம் தொடங்குவதில் தாமதம். தொடங்கிய வைத்தியம் பணமின்றிப் பாதியில் நின்றுபோகும் கொடுமை. காரணம் இவைதான்.

முதலில் அறிகுறிகளைத் தெரிந்துகொள்வோம். மார்பிலோ அக்குளிலோ புதிதாக ஒரு கட்டி அல்லது தடிப்பு, ஒரு பக்க மார்பின் அளவோ வடிவமோ மாறுவது, தோல் குழிவிழுவது, அல்லது ஆரஞ்சுத் தோலைப் போலப் புள்ளி புள்ளியாகத் தடிப்பது, காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தம் கசிவது, காம்பைச் சுற்றி ஆறாத புண் அல்லது செதில், சிவந்து வீங்குவது. இவற்றில் எது ஒன்று தென்பட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். வலியில்லை என்பதனால் ஆபத்தில்லை என்று நினைப்பது பெருந்தவறு. ஆரம்பத்தில் இந்தக் கட்டி பெரும்பாலும் வலிப்பதேயில்லை.

அதே சமயம், கட்டி கண்டதும் கதிகலங்கவும் வேண்டாம். மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் எது எது என்பதைத் தடவிப் பார்த்து நாமே தீர்மானிக்க முடியாது. படம் எடுத்து, ஊசியால் சிறிது சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். ஊசி பட்டால் நோய் பரவிவிடும் என்ற பேச்சு பொய். மார்பையே எடுத்துவிடுவார்கள் என்ற பயமும் எல்லோருக்கும் பொருந்தாது. ஆரம்பத்திலேயே வந்தால் பலருக்குக் கட்டியை மட்டும் அகற்றி வைத்தியம் செய்ய முடிகிறது.

யாருக்கு இந்த நோய் வரும்? வயது ஏற ஏற ஆபத்து கூடுகிறது. தாய், சகோதரி, மகள் இவர்களில் யாருக்கேனும் வந்திருந்தால் கூடுதல் ஜாக்கிரதை தேவை. சிறுவயதிலேயே பெரியவளானவர்கள், மாதவிடாய் நிற்கத் தாமதமானவர்கள், பிள்ளை பெறாதவர்கள், முப்பது வயதுக்கு மேல் முதல் பிள்ளை பெற்றவர்கள், மாதவிடாய் நின்றபின் உடல் பருத்தவர்கள், மதுப்பழக்கம் உள்ளவர்கள், இவர்களுக்கும் ஆபத்து சற்று அதிகம். தாய்ப்பால் கொடுப்பது ஓரளவு பாதுகாப்பு. ஆனால் நோய் கண்டவர்களில் சுமார் பாதிப் பேருக்கு, பெண் என்பதையும் வயதையும் தவிர வேறு காரணமே தென்படுவதில்லை. நூற்றில் ஒருவருக்கும் குறைவாக ஆண்களுக்கும் வருகிறது. இது தொத்துவியாதி அல்ல. பாவத்தின் சம்பளமும் அல்ல.

பஞ்சாலைத் தொழிலாளர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், இராஷிப்டு வேலை புற்றுநோயை உண்டாக்க அநேகமாக இடமுண்டு என்று 2007-ல் கூறியது. 2019-ல் மறுபடி ஆராய்ந்தும் அதே முடிவைச் சொன்னது. முற்றாக நிரூபணமாகவில்லைதான். ஆயினும் நெடுங்காலம் இராவேலை செய்து இந்நோய்க்கு ஆளான பெண்கள் பலருக்கு டென்மார்க்கில் நஷ்டஈடு தரப்பட்டது. பெண்களை இராஷிப்டுக்கு அழைக்கும் முதலாளிகள் இதற்கு என்ன பதில் சொல்கிறார்கள்?

"பெண்கள் தாங்களே சோதித்துக்கொண்டால் போதுமே" என்று சிலர் பொறுப்பைக் கைகழுவுகிறார்கள். இதற்குச் சீனத்து ஜவுளித் தொழிலாளிப் பெண்களின் அனுபவமே விடை சொல்லும். ஷாங்காய் நகரில் 519 ஆலைகளைச் சேர்ந்த 2,66,000 பெண்களிடையே 1989-ல் ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கியது. அவர்களில் ஒரு பாதிப் பேருக்குத் தங்கள் மார்பைத் தாங்களே தடவிச் சோதிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 2002-ல் முடிவு வெளிவந்தது. கற்றவர்களிடையேயும் கல்லாதவர்களிடையேயும் சாவில் வித்தியாசமில்லை! தன் உடம்பில் காணும் மாறுதலைக் கவனிப்பதும், கண்டவுடன் காட்டுவதும் அவசியம். ஆனால் அது மட்டும் போதாது என்பதே இதன் பாடம்.

பம்பாயின் அனுபவம் வேறு. அங்கே குடிசைப் பகுதிகளில், டாடா நினைவு ஆஸ்பத்திரியினர் 1998-ல் தொடங்கி, 1,51,000 பெண்களிடையே ஆராய்ச்சி நடத்தினர். ஒரு பாதிப் பேரை, பயிற்சி பெற்ற பெண் சுகாதார ஊழியர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் சோதித்தார்கள். விலையுயர்ந்த யந்திரம் எதுவும் கிடையாது. முடிவு 2021-ல் வெளியாயிற்று. நோய் முற்றிய நிலையில் வந்தவர்கள் சோதிக்கப்படாதவர்களிடையே நூற்றுக்கு 47, சோதிக்கப்பட்டவர்களிடையே 37. 50 வயதைக் கடந்தவர்களிடையே சாவு ஏறக்குறைய நூற்றுக்கு 30 குறைந்தது. இளம் வயதினரிடம் இந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும், ஏழைகளின் தெருவுக்குள் பயிற்சி பெற்ற கை வந்தால் உயிர்கள் மிஞ்சும் என்பது நிரூபணமாகிவிட்டது.

நம் நாட்டு நிலைமை என்ன? 30 வயது கடந்த பெண்களுக்கு இந்தச் சோதனை செய்ய வேண்டும் என்று மத்திய சர்க்கார் 2016-ல் வழிமுறை வகுத்தது. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், 30 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் மார்புச் சோதனை செய்துகொண்டவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை! காகிதத்தில் இருக்கும் திட்டம் கட்டியைத் தொட்டுப் பார்க்காது.

ஆகவே நாம் கோருவது இதுதான். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பயிற்சி பெற்ற பெண் ஊழியர் வேண்டும். ஆலைக்குள்ளும் நடவு நடக்கும் கிராமத்திலும் சோதனை முகாம் வேண்டும். அன்றைய தினத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது. அறிகுறியோடு வந்தவருக்கு 60 நாளுக்குள் நோய் இன்னதென்று தீர்மானிக்க வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த இலக்கு. அதை நம் சர்க்கார் ஆஸ்பத்திரிகள் நிறைவேற்ற வேண்டும்.

இருக்கும் உரிமைகளையும் கைவிடக் கூடாது. ஈ.எஸ்.ஐ. பதிவுள்ள தொழிலாளிக்குப் புற்றுநோய் வந்தால், விதிகளுக்கு உட்பட்டு, வைத்தியத்தோடு நூற்றுக்கு 80 விகிதம் சம்பளமும் இரண்டாண்டு வரை பெற வழியுண்டு. விவசாயத் தொழிலாளர் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை உண்டு. புற்றுநோய் வைத்தியமும் அதில் அடங்கும். அட்டை இல்லாதவர்களுக்கு அதை வாங்கிக் கொடுப்பதும், ஆஸ்பத்திரிக்குத் துணைபோவதும் ஒவ்வொரு கிளைச் சங்கத்தின் வேலையாக வேண்டும்.

ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பெண்கள் தங்கள் வியாதியைக் கடைசியில்தான் சொல்வார்கள். வீட்டுச் செலவு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் முடிந்த பிறகே தங்கள் உடம்பை நினைப்பார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த இதழை வீட்டில் உரக்கப் படியுங்கள். கட்டி இருப்பதாகச் சொன்னால், அறுவடைவரை பொறுக்கச் சொல்லாதீர்கள். ஒருநாள் கூலி போனால் மறுநாள் சம்பாதிக்கலாம். போன உயிரைச் சம்பாதிக்க முடியாது.