வெளிநாட்டு வகுப்புப் பணம்: வரியா, வரிப்பயமா?

ஊர்காவற்றுறையில் படிப்பிக்கும் நான், மாலை வேளைகளில் சூம் வழியாக இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள நம்மவர் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். மூன்று மாதம், ஆறு மாதம் என்று பேசிக்கொள்ளும் வேலை. தீவகத்தில் மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு என்று இதேபோல் உழைக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள்.

வெளிநாட்டவருக்குச் சேவை செய்து, வெளிநாட்டு நாணயத்தில் வங்கி ஊடாகப் பெறும் பணத்துக்கு முன்னர் வருமான வரி இருக்கவில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் அந்த விலக்கு நீங்கிவிட்டது. இப்போது அதற்கு ஆகக்கூடிய வரி 15 வீதம். கட்டாரில் ஆண்டு முழுவதும் தங்கி உழைப்பவரின் நிலை வேறு. இங்கிருந்தே வேலை செய்யும் நமக்குத்தான் இந்தச் சட்டம்.

"நூறு ரூபாயில் பதினைந்து போய்விடும்" என்று சக ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதச் சம்பளம் 80,000, வகுப்புப் பணம் 100,000 என்று வையுங்கள். ஆண்டுக்கு மொத்தம் 2,160,000. இதில் 1,800,000 ரூபாய் தனிநபர் நிவாரணமாகக் கழியும். மிகுதி 360,000. முதல் பத்து இலட்சத்துக்கு 6 வீதம் என்பதால் வரி 21,600 மட்டுமே. பயந்ததோ 180,000!

ஆனால் இந்தப் பயத்தால் சிலர் பணத்தை உண்டியலில் எடுக்கிறார்கள். அது சட்டவிரோதம். வருமானம் கூடும்போது 15 வீத எல்லையும் கைநழுவும். வங்கி ஊடாக வராத பணத்துக்குச் சாதாரண வீதம், 36 வரை ஏறும். நாளை வங்கிக் கடனுக்கோ விசாவுக்கோ உழைப்பைக் காட்ட ஒரு துண்டுச் சீட்டும் இராது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி பணிக்கப்பட்ட சமூகம் நாம்.

அரசின் பக்கமும் குறை உண்டு. கொழும்பு நிறுவனத்துக்குக் கணக்காளர் இருக்கிறார். நெடுந்தீவுப் பிள்ளை ஒரு சந்தேகம் கேட்க, படகேறி குறிகட்டுவான் வந்து, பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போக வேண்டும். 2025/26 ஆண்டுக்கான விபரத்திரட்டை 2026 நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும். அதற்குமுன் உள்நாட்டு இறைவரித் திணைக்களம் ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு பிரதேச செயலகங்களில் ஒவ்வொரு நாளாவது தமிழில் நடமாடும் சேவை நடத்தட்டும்.

நாமும் இன்றே ஒரு கொப்பி எடுத்து, வந்த பணம், வந்த திகதி, அனுப்பியவர் என்று எழுதத் தொடங்குவோம்.