ஒட்டுப்பலகைக்கு ஒரு வக்காலத்து

ஜாஸ் வாசிக்க, வளைந்த முகமுள்ள ஆர்ச்டாப் கிதார் வேண்டும், கையில் பணம் அதிகமில்லை என்று ஒருவர் வாய் திறந்தால் போதும், முதலில் வரும் புத்திமதி இதுவாகத்தான் இருக்கும்: மேல்பலகை முழு மரத்தில் செதுக்கியதா என்று பார், ஒட்டுப்பலகை என்றால் தொடாதே. சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. வயலினுக்கும், மைக் முன்னால் வாசிக்கும் சாதாரண அக்கூஸ்டிக் கிதாருக்கும் அது நியாயமான பேச்சுதான். ஆனால் ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) செருகி, பக்கத்தில் டிரம்ஸும் பேஸும் முழங்க வாசிக்கப்போகும் ஆர்ச்டாப்புக்கு அதே விதியைப் பொருத்துவது, பணத்தைப் போட வேண்டிய இடத்தில் போடாமல் வேறெங்கோ கொட்டவைக்கும் என்பது என் கட்சி. குறைந்த செலவில் ஜாஸ் கிதார் தேடுபவர் ஒட்டுப்பலகைக் கிதாரைத் தயங்காமல் வாங்கலாம். மிச்சமாகும் பணத்தில் அதைச் செப்பம் செய்துகொள்ளலாம். பதிவுகளில் நாம் கேட்டுப் பழகிய ஜாஸ் கிதார் ஒலியில் பெரும்பகுதி ஒட்டுப்பலகையிலிருந்து வந்ததுதான்.

செதுக்கிய மேல்பலகைக்கு அந்த மவுசு எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ ஊரில் இயங்கிய கிப்சன் நிறுவனம், லாய்ட் லோர் என்பவரின் மேற்பார்வையில் 1922இல் எல்-5 கிதாரைக் கொண்டுவந்தது. வயலினைப் போல வளைந்த முகம், இரு பக்கமும் ‘எஃப்’ வடிவத் துளைகள். கனமான ஸ்ப்ரூஸ் கட்டையை நடுவில் தடிமனாகவும் ஓரங்களில் மெல்லியதாகவும் இழைத்து இழைத்து அந்த வளைவைக் கொண்டுவர வேண்டும். வாங்கிய மரத்தில் பாதிக்கு மேல் சீவலாகத் தரையில் கிடக்கும். இவ்வளவு பாடு எதற்கு என்றால், அன்றைக்கு ஆம்ப் கிடையாது. நடன அரங்கில் டிரம்பெட்டுக்கும் சாக்ஸஃபோனுக்கும் நடுவே கிதார் காதில் விழ வேண்டுமானால் மரமே கத்தியாக வேண்டும். எடி லாங் அந்த எல்-5இல்தான் ஜாஸில் கிதாருக்கு ஒரு நாற்காலி வாங்கிக் கொடுத்தார். கவுன்ட் பேசியின் இசைக்குழுவில் 1937இல் சேர்ந்த ஃப்ரெடி கிரீன், 1987இல் இறக்கும்வரை ஆம்ப் இல்லாத ஆர்ச்டாப்பில் நாலு தட்டுத் தாளத்தை வாசித்துக்கொண்டே இருந்தார். செதுக்கிய பலகையின் பெருமை முழுக்க முழுக்க இந்த வேலையைச் சேர்ந்தது: மின்சாரம் இல்லாமல், கூட்டத்துக்கு நடுவே, வெட்டித் தெறிக்கும் ஒலி.

1936இல் அதே கிப்சன் இ.எஸ்.-150ஐ வெளியிட்டது. கிதார், ஆம்ப், கேபிள் எல்லாம் சேர்த்துச் சுமார் 150 டாலர். 1939இல் பென்னி குட்மனின் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன் அதை வைத்துக்கொண்டு, கிதார் இனி சாக்ஸஃபோனைப் போல ஒற்றை வரியில் பாடலாம் என்று நிரூபித்தார். 1942இல் 25 வயதில் போய்ச்சேர்ந்துவிட்டார். கேட்டவர்கள் யாரும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. அந்த இ.எஸ்.-150இன் முகத்தைப் பார்த்தால், தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பைச் சுற்றி மூன்று திருகாணிகள் தெரியும். அவை உள்ளே தொங்கும் கனத்த காந்தங்களைப் பலகையோடு இறுக்கிப் பிடித்திருக்கின்றன. இசைக்கருவியின் மேல்பலகை சுதந்திரமாக அதிர வேண்டும் என்பதற்காக மணிக்கணக்கில் இழைத்துவிட்டு, பிறகு அதே பலகையில் துளை போட்டு இரும்பைத் தொங்கவிட்டார்கள்! செதுக்கலின் தேவை எங்கே முடிவுக்கு வந்தது என்று கேட்டால், நான் அந்த மூன்று திருகாணிகளைத்தான் காட்டுவேன்.

ஆம்ப் வந்ததும் இன்னொரு தலைவலியும் வந்தது. ஆம்ப்பிலிருந்து வரும் ஒலி கிதாரின் பலகையை அதிரவைக்கும், பலகை தந்தியை அதிரவைக்கும், பிக்கப் அதை மறுபடி ஆம்ப்புக்கு அனுப்பும். இரண்டு சுற்றில் கீழ் ஸ்தாயியில் ஊளை தொடங்கிவிடும். இதைத்தான் ஃபீட்பேக் என்கிறோம். பலகை எவ்வளவு மெல்லியதோ, எவ்வளவு உயிரோட்டமானதோ, அவ்வளவு சீக்கிரம் ஊளையிடும். ஆம்ப் இல்லாதபோது எது குணமோ, ஆம்ப் வந்தபின் அதுவே குற்றம். 1949இல் வந்த இ.எஸ்.-175 இதற்கு நேரடியான பதில்: மேப்பிள் தகடுகளை ஒட்டி, அச்சில் அழுத்தி வளைத்த மேல்பலகை, 16 இன்ச் அகல உடல், கழுத்தருகே ஒரு பிக்கப். ஒட்டிய பலகையில் தகடுகளின் நார் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடுவதால் விறைப்பு கூடும், ஆம்ப்பின் சீண்டலுக்கு எளிதில் அசையாது. விலை, பெயரிலேயே உள்ளபடி, 175 டாலர். மலிவுக் கிதாராகத்தான் வந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் உற்பத்தியில் இருந்தது.

அதை யார் யார் வாசித்தார்கள் என்று பார்த்தால் என் வழக்கில் பாதி முடிந்துவிடும். ஜிம் ஹால் தன் புகழ்பெற்ற ஆண்டுகளை ஒற்றை பிக்கப் 175இல் கழித்தார். ஹெர்ப் எல்லிஸ் வாசித்தார். பேட் மெதீனி 1976இல் ‘பிரைட் சைஸ் லைஃப்’ தட்டோடு உலகத்துக்கு அறிமுகமானபோது கையில் இருந்தது 175. ஜோ பாஸ் கதை இன்னும் சுவாரசியம். போதைப் பழக்கத்திலிருந்து மீள கலிஃபோர்னியாவின் சினனான் இல்லத்தில் இருந்தபோது, 1962இல் வெளிவந்த தன் முதல் தட்டை அவர் ஒரு திட உடல் ஃபெண்டரில்தான் வாசித்தார். சொந்தமாகக் கிதார் கிடையாது. பிறகு ரசிகர் ஒருவர் வாங்கிக் கொடுத்த 175தான் அவரோடு நெடுநாள் வந்தது. டால் ஃபார்லோவும் பார்னி கெஸலும் வாசித்த இ.எஸ்.-350உம் ஒட்டுப்பலகைதான். இவ்வளவு ஏன், செதுக்கு ஆர்ச்டாப்பின் கடவுளாக இன்று கும்பிடப்படும் நியூயார்க் கைவினைஞர் ஜான் டி'ஆஞ்செலிகோ, மின் கிதார் கேட்டு வந்தவர்களுக்கு வெளியே வாங்கிய ஒட்டுப்பலகை உடலில் தன் கழுத்தைப் பொருத்திக் கொடுத்திருக்கிறார். செதுக்கத் தெரியாதவரா அவர்? எந்த வேலைக்கு எந்தப் பலகை என்று தெரிந்தவர்.

செதுக்கலின் பக்கம் நிற்பவர்கள் உடனே ஜாஸ் கிதார் கலைஞர் வெஸ் மான்ட்கோமரி பெயரைச் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான், அவர் வாசித்த எல்-5 சி.இ.எஸ்., செதுக்கிய ஸ்ப்ரூஸ் முகம் கொண்டது, அந்த ஒலிக்கு ஈடு கிடையாது. ஆனால் 1951இல் வந்த அந்த மாடல் பழைய எல்-5 இல்லை. மேல்பலகையில் இரண்டு பிக்கப்புகளுக்கு ஓட்டை வெட்டி, அதைத் தாங்குவதற்காகப் பலகையைத் தடிமனாக விட்டு, உள்ளே கட்டைகளையும் கனமாக்கினார்கள். அதாவது செதுக்கிய மரத்தை முடிந்தவரை ஒட்டுப்பலகை மாதிரி நடந்துகொள்ளச் செய்தார்கள். மிச்சமிருக்கும் வித்தியாசம் காதுக்குத் தெரியாது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வித்தியாசம் வெஸ்ஸின் கட்டைவிரலோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்பதுதான் கேள்வி. பிக் இல்லாமல் கட்டைவிரல் சதையால் மீட்டியவர் அவர். ஒலியின் முதல் தீர்மானம் அங்கே நடந்துவிடுகிறது.

இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. ‘செதுக்கு கிதார் பணக்காரர் சமாச்சாரம் என்பது பழைய கதை, பெய்ஜிங்கில் ஈஸ்ட்மன் நிறுவனம் கையால் செதுக்கி, அமெரிக்க விலையில் ஒரு பங்குக்குத் தருகிறதே, ‘தி லோர்’ என்ற பிராண்டு இன்னும் குறைத்துத் தருகிறதே’ என்பது. உண்மை. இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் ஆர்ச்டாப் சந்தையில் நடந்த பெரிய மாற்றம் அதுவே. ஆம்ப் இல்லாமல் வீட்டில் தனியாக வாசிப்பவர், ஃப்ரெடி கிரீன் பாணியில் பெரிய குழுவில் தாளம் மட்டும் கொடுக்க விரும்புபவர், மைக் வைத்துப் பதிவு செய்பவர் ஆகியோர் அந்தப் பக்கம்தான் போக வேண்டும். பலகையைத் தொடாமல் கழுத்து முனையில் மிதக்கும் பிக்கப் உள்ளதாகப் பார்த்து வாங்கட்டும். ஆனால் விலைக்கு ஒரு உச்சவரம்பு வைத்துவிட்டால், செதுக்கலுக்குப் போன மணிநேரத்தின் கூலி வேறெங்கோ குறைந்தாக வேண்டும் என்பது சாதாரணக் கணக்கு. அதோடு முழு மரம் ஈரப்பதத்துக்கு ஏற்ப வீங்கும், சுருங்கும். சென்னை மாதிரி கடலோர ஊரில், ஏ.சி. அறைக்கும் மொட்டைமாடிக் கச்சேரிக்கும் நடுவே அலையும் கிதாரில் தந்தி உயரம் மாறிக்கொண்டே இருக்கும். கவனிக்காவிட்டால் பலகை விரிசல் விடும். ஒட்டுப்பலகை இந்த விஷயத்தில் பொறுமைசாலி.

மலிவுக் கிதார்கள் உண்மையில் எங்கே சறுக்குகின்றன என்பதை இந்த மரச் சண்டையில் யாரும் பேசுவதில்லை. பலகையில் இல்லை, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில். ஆர்ச்டாப்பின் பிரிட்ஜ் ஒட்டப்பட்டதில்லை. தந்திகளின் அழுத்தத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதன் இரண்டு பாதங்களும் பலகையின் வளைவோடு முழுசாகப் படிய வேண்டும். ஆலையில் இதற்கு நேரம் செலவழிப்பது குறைவு. மெல்லிய தாள் ஒன்றைப் பாதத்தின் விளிம்பில் நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் அதிர்வில் ஒரு பங்கு அந்த இடுக்கிலேயே செத்துப்போகிறது. மருந்து எளிது: உப்புத்தாளின் சொரசொரப்பு மேலே இருக்கும்படி பலகையில் விரித்து, பிரிட்ஜை அதன்மேல் முன்னும் பின்னும் இழுத்தால் பாதம் வளைவுக்கு ஏற்பத் தேய்ந்துகொள்ளும். பிரிட்ஜ் நிற்கும் இடமும் முக்கியம். 12ஆம் ஃப்ரெட்டில் தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் சுரமும் அதே ஃப்ரெட்டில் அழுத்தி எழுப்பும் சுரமும் ஒன்றாக ஒலிக்கும்வரை நகர்த்த வேண்டும். தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஆறையும் ஒரே நேரத்தில் கழற்றினால் பிரிட்ஜ் கையோடு வந்துவிடும்.

இதையெல்லாம் சரிசெய்ய முடியும். சரிசெய்ய முடியாத குறை ஒன்றுண்டு, கடையிலேயே கண்டுபிடிக்க வேண்டியது அதைத்தான். பிரிட்ஜின் இரு பக்கமும் உள்ள சக்கரங்களைப் பாருங்கள். அவை அடியோடு இறக்கப்பட்டிருந்தும் தந்தி இன்னும் உயரமாக நின்றால், கழுத்து பொருத்தப்பட்ட கோணம் தப்பு. என்ன தள்ளுபடி கொடுத்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஒலிக்குமிழ்களின் பாட், கேபிள் செருகும் ஜாக், ஒயர் ஆகியவற்றின் கரகரப்பும் சின்ன விஷயம் இல்லை. திட உடல் கிதாரில் மூடியைக் கழற்றி மாற்றிவிடலாம். இதில் எல்லாவற்றையும் எஃப் துளை வழியாக நூல் கட்டி உள்ளே இழுத்துப் பொருத்த வேண்டும், பொருளைவிடக் கூலி அதிகம்.

பலகை முக்கியமில்லை என்றால் ஆர்ச்டாப்தான் எதற்கு, டெலிகாஸ்டர் போன்ற ஒரு திட உடல் கிதார் போதாதா என்று கேட்பவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கனடாவின் எட் பிக்கர்ட் நெடுங்காலம் டெலிகாஸ்டரிலேயே ஜாஸ் வாசித்தவர். கண்ணை மூடிக் கேட்டால் ஆர்ச்டாப் என்று சத்தியம் செய்வீர்கள். டெலிகாஸ்டர் கையில் இருப்பவர் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் உள்ளீடற்ற உடல் ஒன்று செய்கிறது: தந்தியின் சக்தியைப் பலகை சீக்கிரம் குடித்துவிடுவதால் சுரம் ‘டொப்’ என்று பிறந்து விரைவில் அடங்குகிறது. வேகமாக நகரும் நாலு சுர கார்டுகள் ஒன்றன்மேல் ஒன்று அப்பிக்கொள்ளாமல் பிரிந்து கேட்பது இதனால்தான். இந்தக் குணம் கூடு காலியாக இருப்பதிலிருந்தும், மிதக்கும் பிரிட்ஜிலிருந்தும் வருகிறது. அச்சில் அழுத்திய பலகைக்கும் அது உண்டு. ஐபனேஸ் ஏ.எஃப்.75, எபிஃபோன் எம்பரர், கோடின் ஃபிஃப்த் அவென்யூ கிங்பின் எல்லாமே ஒட்டுப்பலகை, எல்லாமே இதைச் செய்யும். இவற்றில் மலிவானது ஐபனேஸ். கிங்பின்னில் பி-90 பிக்கப், சற்றே கடிக்கும் ஒலி. மற்ற இரண்டிலும் ஹம்பக்கர், உருண்டையான ஒலி. காதுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.

மிச்சப் பணத்தை எங்கே போடுவது என்றால், முதலில் தந்தி. பெரும்பாலான மலிவு ஆர்ச்டாப்கள் ராக் கிதாருக்கான மெல்லிய, சுற்றுப் புடைத்த தந்திகளோடு வருகின்றன. அவற்றைக் கழற்றிவிட்டு 12 கேஜ் தடிமனில் தொடங்கும் தட்டைச் சுற்றுத் தந்திகளை மாட்டினால், விரல் வழுக்கும் கீச்சொலி மறைந்து அடித்தொண்டைக் குரல் வெளிவரும். டி'அட்டாரியோ குரோம்ஸ் சிக்கனம், ஆஸ்திரியாவின் தோமாஸ்டிக் ஸ்விங் விலை அதிகம் ஆனால் வெகுநாள் உழைக்கும். தந்தி தடித்தால், கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகள் தங்கும் நட்டின் பள்ளங்களையும் அதற்கேற்ப அராவ வேண்டும், அதை விவரம் தெரிந்த கிதார் ரிப்பேர்க்காரரிடம் விடுங்கள். அதே கையோடு ஃப்ரெட் உயரங்களையும் சமன் செய்யச் சொல்லுங்கள். அடுத்தது, ஒலி சிதையாமல் சுத்தமாக ஒலிக்கும் ஆம்ப். ட்யூப் ஆம்ப் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஜோ பாஸ் நெடுங்காலம் பாலிடோன் என்ற டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் வாசித்தவர். கழுத்துப் பிக்கப்பை மட்டும் வைத்துக்கொண்டு, டோன் குமிழைப் பாதிக்கும் கீழே இறக்கி, ஆம்ப்பை நேராகக் கிதாரின் முகத்துக்கு எதிரே வைக்காமல் பக்கவாட்டில் திருப்பி வாசித்துப் பாருங்கள்.