பழகினவன் ஓடிவிடுவான்

பினாங்கில் சிறு தொழிற்சாலை நடத்துபவரிடம் பயிற்சி என்று பேச்செடுத்தால் போதும், பதில் தயாராக இருக்கும்: "பழக்கிவிட்டு என்ன பயன்? நாலு விஷயம் தெரிந்ததும் பாயான் லெப்பாஸ் பெரிய கம்பெனிக்கு ஓடிவிடுவான். இல்லையென்றால் சிங்கப்பூர்." கூடவே இன்னும் இரண்டு வரும். நம் தொழில் கைப்பழக்கம், வகுப்பில் வராது. அரசாங்கம் உதவ நினைத்தால் மெஷின் வாங்கக் கடன் கொடுக்கட்டும்.

ஆள் ஓடுவது உண்மை. ஆனால் ஓடியவர்கள் எங்கே போனார்கள்? 1991இல் பென்டாமாஸ்டரைத் தொடங்கியவர் நேஷனல் செமிகண்டக்டரில் வேலை பார்த்தவர். 2000இல் விட்ராக்ஸைத் தொடங்கியவர்கள் ஹியூலெட் பேக்கார்டு வழி வந்த பொறியாளர்கள். ஒன்று தானியங்கி இயந்திரம் செய்கிறது, மற்றொன்று மின்னணுச் சில்லுகளைக் கேமரா கொண்டு சோதிக்கும் கருவி செய்கிறது. உள்ளூர் உற்பத்தியாளர் என்று நாம் மார்தட்டிக் காட்டும் பெயர்கள் இவை. இரண்டுமே 'ஓடிப்போனவர்கள்' கட்டியவை.

இந்தப் பயம் சிறு முதலாளிக்கு மட்டும் சொந்தமும் அல்ல. 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக வலயம் திறந்து, இன்டெல் முதலான கம்பெனிகள் அடுத்தடுத்த வேலிக்குள் வந்து உட்கார்ந்தபின், ஒருவர் பழக்கிய டெக்னீஷியனை அடுத்தவர் இழுப்பது அங்கும் தலைவலிதான். அதற்காக அவர்கள் பயிற்சியை நிறுத்திவிடவில்லை. 1989இல் மாநில அரசும் கம்பெனிகளும் கல்வியாளர்களும் சேர்ந்து பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கினார்கள். சந்தையில் போட்டி போடும் கம்பெனிகள் கருவிகளையும் பயிற்றுநர்களையும் ஒரே கூரையின்கீழ் கொடுத்தன. எவன் எங்கே போனாலும் பழகினவனாகவே போவான், நமக்கு வருபவனும் பழகினவனாக வருவான் என்ற கணக்கு அது. லெவி முறையும் கிட்டத்தட்ட இதே புத்திதான். பத்து அல்லது அதற்கு மேல் மலேசியத் தொழிலாளர் உள்ள தொழிற்சாலை, ஆட்களைப் பழக்குவதற்கென்று, சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை மனிதவள நிதிக்குக் கட்டியே ஆகவேண்டும். பழக்காமல் அடுத்தவன் ஆளை இழுப்பவனும் கட்டுகிறான்.

கைப்பழக்கம் என்ற வாதத்தில் எனக்கு மரியாதை உண்டு. லேத்தின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அச்சு மாற்ற மெஷினை நிறுத்தியபின் ஸ்பானரைத் தேடிப் போகும் அரை மணி நேரம் எந்தக் கைப்பழக்கத்தில் சேரும்? ஜப்பானில் ஷிகியோ ஷிங்கோ இதைத்தான் பிடித்தார். டொயோட்டாவில் ஆயிரம் டன் பிரஸ்ஸில் அச்சு மாற்ற நான்கு மணி நேரம் ஆனது. மெஷின் ஓடும்போதே செய்து முடிக்கக்கூடிய வேலை எது, நின்றபின்தான் முடியும் வேலை எது என்று பிரித்தார். அச்சுகளின் உயரத்தையும் பூட்டும் முறையையும் திருத்தினார். கடைசியில் மூன்று நிமிடத்துக்கு வந்தது. அங்கே அனுபவசாலிகளுக்கு ஒன்றும் பஞ்சமில்லை. வெளியிலிருந்து ஒருவர் நின்று பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மெஷின் கடன் விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நான்கு மணி நேரம் நிற்கும் பட்டறையில் புது மெஷினும் நான்கு மணி நேரம் நிற்கும், தவணை மட்டும் ஓடும்.

எதிர்த்தரப்பில் ஒரு குறை நியாயமானது. லெவிப் பணத்தைத் தீர்ப்பதற்காகவே ஹோட்டலில் இரண்டு நாள் வகுப்பு, மதியச் சாப்பாடு, சுவரில் மாட்ட ஒரு சான்றிதழ். அதை நானும் பயிற்சி என்று சொல்லமாட்டேன். 2000ஐ ஒட்டி அதே திறன் மையம் நடத்திய உலக சப்ளையர் திட்டம் வேறு வகை. அடிப்படை முதல் மேல்நிலை வரை படிப்படியான பாடம், அதோடு சரக்கு வாங்கும் பெரிய கம்பெனியே உள்ளூர் சப்ளையருக்கு வழிகாட்டியது. வாங்குகிறவர் குறை சொன்னால் திருத்தித்தானே ஆகவேண்டும்?

பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறைகளுக்கு லெவி கட்டாயமில்லை. ஐந்து முதல் ஒன்பது பேர் உள்ளவர்கள் விரும்பினால் அரை விழுக்காடு கட்டிச் சேரலாம். பிறையிலும் புக்கிட் மெர்தாஜாமிலும் இருக்கும் நம் பட்டறைக்காரர்கள் இதைக் கேட்டு வையுங்கள். ஏற்கெனவே கட்டுகிறவர்கள், கணக்கில் எவ்வளவு சும்மா கிடக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். தொடாமல் விட்டால் அது கைவிட்டுப் போய்விடும்.