ஓட்டை இங்கிலீஷ்... ஒரு நாட்டின் மொழி!



இன்டர்வியூவுல 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்'னு கேட்டதும் நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்ட அனுபவம் இருக்கா? நாலு வார்த்தையைக் கோத்துப் பேசினதுக்கு, 'என்னடா பட்லர் இங்கிலீஷ்!'னு கேன்டீன்ல ஓட்டியிருக்காங்களா? அப்போ இந்த வாரம் நாம போகப் போற நாடு உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். பேரு வனுவாட்டு.

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக் கடல்ல 80-க்கும் மேற்பட்ட தீவுகள். தலைநகரம் போர்ட் விலா. 2020 கணக்கெடுப்புப்படி ஜனத்தொகை சுமார் 3 லட்சம். இவங்களுக்கு எத்தனை தாய்மொழி இருக்கும், சொல்லுங்க பார்ப்போம்? அஞ்சு? பத்து? ஸாரி பாஸ்... 100-க்கும் மேல! சராசரியா ஒரு மொழிக்கு 3 ஆயிரம் பேர்கூடத் தேற மாட்டாங்க. ஒரு பெரிய காலேஜோட ஸ்ட்ரெங்த், அவ்வளவுதான்! ஜனத்தொகையோட ஒப்பிட்டா, உலகத்துலயே மொழிகள் அதிகம் இருக்கிற நாடு இதுதான்.

சரி, பக்கத்துத் தீவுக்காரர்கிட்ட எப்படிப் பேசுவாங்க? அதுக்குத்தான் பிஸ்லாமா.

19-ம் நூற்றாண்டுல இந்தத் தீவு மக்களை ஆசை காட்டியும் கடத்தியும் குயின்ஸ்லாந்து, ஃபிஜி தோட்டங்களுக்குக் கப்பல் ஏத்தினாங்க. (அதே ஃபிஜியோட கரும்புத் தோட்டங்களுக்குத்தான் 1903-ல் இருந்து சென்னைத் துறைமுகம் வழியா நம்ம ஜனங்களும் போனாங்க.) பக்கத்துல வேலை பார்க்கிறவர் பாஷை தெரியாது. முதலாளி பேசின இங்கிலீஷ்ல காதுல விழுந்த வார்த்தைகளைப் பொறுக்கி, தங்களோட இலக்கணத்துல கோத்துக்கிட்டாங்க. பறவையோட றெக்கைக்கு 'ஹான் பிளாங் பிஜின்'. அதாவது, பறவையோட கை! மரக்கிளை? 'ஹான் பிளாங் ட்ரீ'. மரத்தோட கை!

சிரிப்பா இருக்கா? கொஞ்சம் பொறுங்க. 'நாம'ன்னு சொன்னா கேட்கிறவரும் சேர்த்தி. 'நாங்க'ன்னா அவர் சேர்த்தியில்லை. இந்த வித்தியாசத்தை 'வீ'ங்கிற இங்கிலீஷ் ஒத்தை வார்த்தை சொல்லாது. பிஸ்லாமா சொல்லும்! நாம = 'யூமி', நாங்க = 'மிஃபாலா'. இப்போ சொல்லுங்க, இது ஓட்டை மொழியா?

1906-ல் இருந்து பிரிட்டனும் பிரான்ஸும் இந்த நாட்டைக் கூட்டா ஆண்டாங்க. ரெண்டு போலீஸ், ரெண்டு ஜெயில், ரெண்டு விதமான ஸ்கூல். படிச்சவங்கள்ல ஒரு பக்கம் இங்கிலீஷ், இன்னொரு பக்கம் பிரெஞ்ச். ரெண்டு பக்கத்தையும் சேர்த்து சுதந்திரம் கேட்க உதவினது தோட்டக் கூலிகளோட பிஸ்லாமாதான். 1980 ஜூலை 30-ல் விடுதலை. ஆங்கிலிகன் பாதிரியாரான வால்டர் லினி முதல் பிரதமர். அரசியல் சாசனத்துல தேசிய மொழி, பிஸ்லாமா. தேசிய கீதத்தோட பேரே 'யூமி, யூமி, யூமி'!

மதம்? பெரும்பாலும் கிறிஸ்தவங்க. அதுல பிரஸ்பிட்டேரியன் சபை பெருசு. சர்ச்லயும் பிஸ்லாமா கேட்கும். டன்னா தீவு மட்டும் தனி ரூட்! ஜான் ஃப்ரம்ங்கிறவர் திரும்பி வருவார்னு காத்திருக்கிற கூட்டம் அங்கே உண்டு. வருஷா வருஷம் பிப்ரவரி 15 அவங்களுக்குத் திருவிழா. அதே தீவுல இன்னொரு கூட்டம், இங்கிலாந்து இளவரசர் பிலிப்பைத் தங்க மண்ணோட தெய்வப் பிறவின்னு கும்பிட்டுச்சு. 2021-ல் அவர் இறந்தப்போ அங்கே துக்கமே அனுசரிச்சாங்க.

கதை முடியலை. தேசிய மொழியாகியும் ஸ்கூலுக்குள்ள பிஸ்லாமாவுக்கு ரொம்ப காலம் மரியாதை இல்லை. பாடமெல்லாம் இங்கிலீஷ், பிரெஞ்ச்லதான். 2012-ல் வந்த கல்வி மொழிக் கொள்கைதான் ஆரம்ப வகுப்புகள்ல உள்ளூர் மொழிக்கும் பிஸ்லாமாவுக்கும் கதவைத் திறந்துச்சு. இன்னொரு பக்கம், டவுன்ல வளர்ற பசங்க பலருக்கு பிஸ்லாமா மட்டுமே வாய்க்கு வருது, பாட்டியோட மொழி வரலை. வனுவா லாவா தீவுல லெமெரிக்னு ஒரு மொழி. அதைப் பேசறவங்களை ஒரு கை விரல்லயே எண்ணிடலாம். அவமானப்படுத்தப்பட்ட மொழி ஜெயிச்சுது, சரி. ஆனா, ஜெயிச்ச மொழியே சின்ன மொழிகளை ஓரங்கட்டிடுமோங்கிற பயம் இப்போ!

அதனால ஃப்ரெண்ட்ஸ், அடுத்த தடவை கிராமத்துல இருந்து வந்த ஜூனியர் செமினார்ல தடுமாறினா சிரிக்காதீங்க. அவர் என்ன சொல்ல வர்றார்னு மட்டும் கேளுங்க. அப்படியே ஊருக்கு ஒரு போன் போட்டு, உங்க பாட்டி மட்டுமே பேசற பத்து வார்த்தையை நோட்டுல எழுதி வைங்க.

அடுத்த வாரம் வேற நாடு. டாட்டா!