அமெரிக்காவில் நீதிபதி நியமனம் ஏன் மாதக்கணக்கில் இழுக்கிறது? செனட் சண்டையும் விசா வழக்குகளும்

உங்கள் நண்பர் ஹெச்-1பி விசாவில் அமெரிக்காவில் இருக்கிறாரா? ஹெச்-4 விசாவில் இருக்கும் அவர் மனைவி வேலைக்குப் போக அனுமதித்த விதி செல்லுமா என்று 2015-இல் ஒரு வழக்கு தொடங்கியது. "செல்லும்" என்று வாஷிங்டன் டி.சி. அப்பீல் கோர்ட் சொன்னது 2024 ஆகஸ்டில். அந்தக் கோர்ட்டில் யார் உட்காருவது என்ற சண்டையில்தான் 2013-இல் அமெரிக்க செனட் தன் நடைமுறையையே மாற்றிக்கொண்டது.

நியமனம் எப்படி நடக்கும்?

நம்ம ஊரில் கொலீஜியம் பெயரைப் பரிந்துரைக்கும், மத்திய அரசு ஃபைலை நகர்த்த வேண்டும். அமெரிக்காவில் ஃபெடரல் நீதிபதியின் பெயரை அதிபர் சொல்வார், 100 பேர் கொண்ட செனட் ஓட்டுப்போட்டு ஒப்புதல் தர வேண்டும். பதவி ஆயுள் முழுக்க. அதிபர் நாலு வருஷத்தில் போய்விடலாம், அவர் நியமித்தவர் முப்பது வருஷம் தீர்ப்பு எழுதுவார். சண்டைக்குக் காரணமே இதுதான்.

எப்படித் தடுக்கிறார்கள்?

ஒன்று, விசாரணைக்கே எடுக்காமல் விடுவது. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்துக்கு மெரிக் கார்லண்டை ஒபாமா பரிந்துரைத்தார். "தேர்தல் வருஷம், மக்கள் முடிவு செய்யட்டும்" என்றது குடியரசுக் கட்சி. 293 நாள் கழித்து அந்தப் பரிந்துரை தானாகக் காலாவதியானது. ஆனால் 2020-இல் டிரம்ப் பரிந்துரைத்த ஏமி கோனி பேரட்டை, தேர்தலுக்கு எட்டு நாள் முன்னால் அதே கட்சி நியமித்தது. "இப்போது அதிபரும் செனட்டும் ஒரே கட்சி" என்பது அவர்கள் சொன்ன விளக்கம்.

இரண்டு, ஃபிலிபஸ்டர். விவாதத்தை முடிக்க 60 ஓட்டு வேண்டும், அது கிடைக்காமல் பார்த்துக்கொள்வது. இதில் ஜனநாயகக் கட்சியும் சளைத்ததில்லை. புஷ் 2001-இல் பரிந்துரைத்த மிகேல் எஸ்ட்ராடாவை இப்படியே நிறுத்தினார்கள். 2003-இல் அவரே விலகிவிட்டார்.

மூன்று, 'ப்ளூ ஸ்லிப்'. மாவட்ட நீதிபதி என்றால், அந்த மாநில செனட்டர்கள் ஒரு நீலத் தாளில் சம்மதம் சொல்ல வேண்டும். தாள் திரும்பி வராவிட்டால் ஃபைல் அங்கேயே நின்றுவிடும். இது சட்டம் இல்லை, சுமார் நூறு வருஷப் பழக்கம்.

2013-இல் என்ன ஆச்சு?

டி.சி. அப்பீல் கோர்ட்டில் 11 இடம். காலியான மூன்றுக்கு ஒபாமா சொன்ன மூவரையும் குடியரசுக் கட்சி தடுத்தது. அந்தக் கோர்ட்டுக்கு இத்தனை நீதிபதிகள் தேவையில்லை என்பது அவர்கள் வாதம். நவம்பர் 21 அன்று ஜனநாயகக் கட்சி 52-48 ஓட்டில் நடைமுறையை மாற்றியது: உச்ச நீதிமன்றம் தவிர மற்ற கோர்ட்டுகளுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். 2017-இல் குடியரசுக் கட்சி அதை உச்ச நீதிமன்றத்துக்கும் நீட்டித்தது.

அப்போ தடை நீங்கிவிட்டதா? இல்லை, இடம் மாறியது. செனட் எதிர்க்கட்சி கையில் இருந்த ஒபாமாவின் கடைசி இரண்டு வருஷத்தில், 13 அப்பீல் கோர்ட்டுகளுக்கும் சேர்த்து ஒப்புதல் கிடைத்தது 2 பேருக்கு. செனட் சொந்தக் கட்சியிடம் இருந்த நான்கு வருஷங்களில் டிரம்ப் 234 பேரையும், அடுத்து பைடன் 235 பேரையும் நியமித்தார்கள்.

தகுதி பார்ப்பதே இல்லையா?

திருநெல்வேலிப் பூர்விகம் கொண்ட ஸ்ரீ ஸ்ரீநிவாசனைப் பாருங்கள். 2012 ஜூனில் டி.சி. அப்பீல் கோர்ட்டுக்குப் பெயர் போனது. அந்த வருஷம் நகரவில்லை. 2013 மே மாதம் ஓட்டுக்கு விட்டபோது 97-0. ஒருவர்கூட எதிர்க்காத மனிதருக்கே கிட்டத்தட்ட ஒரு வருஷம்! 2020-இல் அவர் அதே கோர்ட்டின் தலைமை நீதிபதியானார்.

நஷ்டம் யாருக்கு?

நாற்காலி காலியாக இருந்தாலும் வழக்குகள் நிற்பதில்லை. குற்ற வழக்குகளுக்குச் சட்டப்படி காலக்கெடு உண்டு, அதனால் அவை முதலில் போகும். சிவில் வழக்குகள் பின்னுக்குத் தள்ளப்படும். விசாத் தாமதத்தை எதிர்த்துப் போடும் வழக்கும் சிவில்தான்.

அடுத்த முறை அமெரிக்கத் தேர்தல் செய்தி வந்தால், அதிபர் யார் என்பதோடு நிறுத்தாதீர்கள். செனட்டில் 51 யாரிடம் என்றும் பாருங்க.