தரங்கம்பாடிக்குப் புறப்படுமுன்...

போன வருஷம் என் மாமனாரின் சதாபிஷேகத்துக்குத் திருக்கடையூர் போயிருந்தோம். "இவ்வளவு தூரம் வந்துட்டு, பக்கத்துல இருக்கிற தரங்கம்பாடியைப் பார்க்காமப் போறதா அண்ணி?" என்றாள் நாத்தனார். யோசனையே இல்லாமல் கையை வீசிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

உச்சி வெயில். மணல் கொதித்தது. பெரியவர்கள் கோட்டை நிழலில் பேசிக்கொண்டு நின்ற இரண்டே நிமிஷம், நாத்தனாரின் நாலு வயதுப் பையன் தண்ணீருக்குள்! வலை காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

"அலை சின்னதாத்தான் தெரியும்மா. காலுக்கடியில மண்ணைப் பறிச்சுக்கிட்டுப் போயிடும். 2004-ல சுனாமியா எங்க தெருவுக்குள்ள வந்ததும் இதே கடல்தான்" என்றாள்.

"நீ பார்த்துக்கிறேன்னு நினைச்சேன்" என்றுதான் ஆளுக்கு ஆள் சொன்னோம். எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை.

இந்தத் தை மாதம் மறுபடி போனோம், திட்டம் போட்டுக்கொண்டு! உங்களுக்கும் உதவும், சகோதரிகளே:

* குழந்தையை யார் பார்ப்பது என்று பெயர் சொல்லி, அரைமணிக்கு ஒருவராக முறை வையுங்கள். கடலோரத்தில் கையை விடவே கூடாது.

* காலையிலோ, நாலு மணிக்கு மேலோ போங்கள். குடை, தண்ணீர், மாற்றுடை, புளிசாதம் அவசியம்.

* மீன் வாங்க ஆசையா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்கள் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த இரண்டு மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

* டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை, கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயில் இரண்டையும் பாருங்கள். 1706-இல் வந்த சீகன்பால்கு தமிழ் கற்று மொழிபெயர்த்த பைபிள் புதிய ஏற்பாடு, 1715-இல் இங்கேதான் அச்சாகி முடிந்தது. முதல் நாள் இரவே கதையாகச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் ஆவலோடு பார்ப்பார்கள். கோட்டை அருங்காட்சியகத்தின் வார விடுமுறையை மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாளைத் தேடிப்போய், வெற்றிலை பாக்கோடு ஒரு ரவிக்கைத்துணி கொடுத்தேன். "எதுக்கும்மா இதெல்லாம்?" என்றவள், பையனைப் பார்த்துச் சிரித்தாள்.

அவன் என் விரலை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றான்.