மாதச் சந்தா இல்லாத காவல்

சித்திரைப் பொங்கலுக்கு சிவகாசி எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பத்திரகாளியம்மன் கோயில் பக்கம் கால் வைக்க இடம் இருக்காது. மற்ற தெருக்களில் ஆளே இருக்காது. அந்த நேரம் பார்த்து எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுப் பூட்டை உடைத்து நகையை எடுத்துப் போய்விட்டார்கள்.

அடுத்த வாரமே ஒரு நிறுவனத்தின் ஆள் பையும் கையுமாக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நாலு கேமரா, கதவுக்கு சென்சார், 24 மணி நேரக் கண்காணிப்பு. பொருளுக்கு ஒரு விலை. அது போக மாதம் "வெறும் 600 ரூபாய்" சந்தா! அப்பா என்னைப் பார்த்து, "நீதான இதெல்லாம் படிக்கிற, எது வாங்கலாம்னு நீயே சொல்லு" என்றார். ஆச்சி மட்டும் திண்ணையில் இருந்தபடி ஒரு கேள்வி கேட்டார்.

"எய்யா, அந்த மிசினு சத்தம் போட்டா யாருய்யா வருவா? நம்மூர்ல வெடிச்சத்தம் கேட்டு எவன் திரும்பிப் பாத்துருக்கான்?"

இரண்டு நாள் உட்கார்ந்து படித்த பிறகு எனக்குத் தோன்றியது: மொத்த விஷயமும் ஆச்சியின் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

முதலில் கணக்கு. மாதம் 600 என்றால் வருடத்துக்கு 7,200. ஐந்து வருடத்தில் 36,000. இந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? எங்கோ ஒரு ஊரில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவர், நம் வீட்டு சென்சார் அலறினால் அப்பாவுக்கு போன் செய்வார். அப்பா எடுக்கவில்லை என்றால் அம்மாவுக்கு. அப்புறம் 112-க்கு. இந்த மூன்றையும் ஒரு சிம் கார்டு போட்ட சின்னப் பெட்டியே செய்துவிடும். சம்பளம் கேட்காது, தூங்காது.

வீட்டுக்கு நாமே காவல் அமைத்துக்கொள்வது ஒன்றும் புதிய யோசனை இல்லை. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற செவிலியர் இருந்தார். கணவரும் அவரும் நேரங்கெட்ட நேரத்தில் வேலைக்குப் போய் வருபவர்கள். கூப்பிட்டால் போலீஸ் வரத் தாமதமாகும் பகுதி. வாசற்கதவில் துளைகள் வைத்து, அதன் பின்னால் நகரும் கேமரா, படுக்கையறையில் திரை, பேச மைக், ஆபத்துக்கு அழுத்த ஒரு பொத்தான் என்று கணவருடன் சேர்ந்து ஒரு அமைப்பை வடிவமைத்து 1966-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969-இல் கிடைத்தது. இன்று கடையில் விற்கும் வீடியோ காலிங் பெல்லுக்கு அதுதான் பாட்டி. யாருக்கும் சந்தா கட்டும் யோசனை அதில் இல்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். என்ன வாங்கலாம் என்பதற்கு முன்னால் காசே இல்லாமல் செய்ய வேண்டியது சில இருக்கின்றன.

வெளியே பெரிய பூட்டு தொங்கினால் அது "ஆள் இல்லை" என்ற அறிவிப்புப் பலகை. கதவுக்குள் பதிக்கும் பூட்டு போட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. பூட்டு எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் கொண்டி தகரமாக இருந்தால் கடப்பாரைக்கு ஒரு நெம்பு போதும். முன்வாசலுக்குத் தேக்குக் கதவு போட்டுவிட்டு மாடிக் கதவுக்கு ஒட்டுப் பலகை போடுவது நம் வழக்கம். திருடன் மாடி வழியாக வருவான். சாவியை மீட்டர் பெட்டிக்குள் வைப்பதும் நம் வழக்கம். அது அவனுக்கும் தெரியும்! இரண்டு நாள் வாசலில் கோலம் இல்லை, பேப்பர் கிடக்கிறது என்றால் அதைவிட நல்ல தகவல் அவனுக்கு வேண்டாம். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் "ரெண்டு கோடு கோலம் போட்டுருங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போவது எந்த சென்சாருக்கும் குறைந்ததில்லை. காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போனால் ரோந்து வரும்போது ஒரு பார்வை பார்ப்பார்கள். அதற்கும் கட்டணம் கிடையாது.

கட்ட வேண்டிய கட்டணம் ஒன்று உண்டென்றால் அது வங்கி லாக்கர் வாடகை. ரிசர்வ் வங்கி 2021-இல் கொண்டுவந்து 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, திருட்டு, தீ, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி போன்றவற்றால் லாக்கரில் உள்ளது போனால் வங்கியின் பொறுப்பு வருட வாடகையின் 100 மடங்கு வரை. நகையின் முழு மதிப்பு வராமல் போகலாம். ஆனால் வீட்டில் நகையே இல்லை என்றால் பாதி பயம் போய்விடும். பீரோவுக்குக் காவல் வைப்பதைவிட பீரோவைக் காலி செய்வது சுலபம்.

இனி கருவிகள். நான் அப்பாவுக்கு எழுதிக் கொடுத்த பட்டியல் இதுதான்.

1. கதவு சென்சார். ஒரு காந்தம், ஒரு சின்ன சுவிட்ச். கதவு திறந்ததும் இரண்டும் பிரியும், அலாரம் அடிக்கும். இதைவிட எளிய, நம்பகமான கருவி கிடையாது. முன், பின், மாடி மூன்று கதவுக்கும் வேண்டும்.

2. ஆள் நடமாட்டத்தை அறியும் பி.ஐ.ஆர். சென்சார். இது உடம்புச் சூட்டைப் பார்க்கிறது. சுற்றியிருக்கும் சூடும் உடம்புச் சூடும் ஒன்றாகிவிட்டால் இதன் கூர்மை குறையும். மே மாதம் எங்கள் ஊரில் பூட்டிய வீட்டுக்குள் என்ன சூடு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வெயில் நேராகப் படும் ஜன்னலுக்கு எதிரே வைத்தாலோ, பூனை வந்து போகும் வீடாக இருந்தாலோ தவறாக அலறும். அதனால் இது கதவு சென்சாருக்குத் துணைதான், மாற்று இல்லை.

3. சிம் போடும் அலாரம் பெட்டி. சென்சார் சொன்னதும் சைரனும் அடிக்கும், பதிந்து வைத்த எண்களுக்கு ஒவ்வொன்றாக போனும் செய்யும். வைஃபை போனாலும் வேலை செய்யும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மலிவான பெட்டிகள் பல 2ஜி-யில் மட்டும் ஓடுபவை. ஜியோவில் 2ஜி கிடையாது. ரீசார்ஜ் தீர்ந்த சிம் உள்ள பெட்டி வெறும் அலங்காரப் பொருள். ஆக, இதிலும் ஒரு சின்னச் செலவு உண்டு. முழுக்க இலவசம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

4. ஒன்று அல்லது இரண்டு கேமரா, உள்ளேயே எஸ்.டி. கார்டு போடும் வகை. நிறுவனத்தின் சர்வரில் சேமிக்கத்தான் பெரும்பாலும் சந்தா கேட்பார்கள். கார்டில் சேமித்தால் சந்தா இல்லை. விநாடிக்கு ஒரு மெகாபிட் அளவில் பதிவானால் ஒரு நாளுக்குச் சுமார் 11 ஜி.பி. ஆகும். 128 ஜி.பி. கார்டில் பத்து நாளைக்குமேல் நிற்கும், பிறகு பழையதை அழித்துப் புதியது ஏறும். திருடன் கேமராவையே கழற்றிக்கொண்டு போனால் கார்டும் போகும் என்பது உண்மை. அதனால் எட்டாத உயரத்தில் ஒன்று. முடிந்தால் வேறு அறையில் மறைவாக ஒரு பதிவுப் பெட்டி.

5. வைஃபை பெட்டிக்கு ஒரு சின்ன யு.பி.எஸ். கரண்ட் போனதும் கண்ணை மூடிக்கொள்ளும் காவலாளி எதற்கு?

கேமரா விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் பிடித்துக்கொண்டது. பெரிய வித்தை எதுவும் இல்லை. கம்பெனி கொடுத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றவில்லை, அவ்வளவுதான். அந்த ஆண்டு அக்டோபரில் அதே படையை வைத்து அமெரிக்காவில் பெரிய இணையதளங்களையே முடக்கினார்கள். சந்தா கட்டினால் பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். அமேசானின் ரிங் நிறுவன ஊழியர்கள் வாடிக்கையாளர்களின் வீட்டு வீடியோக்களைப் பார்க்க முடிந்தது என்ற குற்றச்சாட்டில், 2023-இல் அமெரிக்க வணிக ஆணையத்துடன் 58 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது அந்த நிறுவனம். எனவே முதல் வேலை கடவுச்சொல்லை மாற்றுவது. இரண்டாவது, படுக்கையறைப் பக்கம் கேமராவைத் திருப்பாமல் இருப்பது. பக்கத்து வீட்டு முற்றத்தின் பக்கமும்தான். நமக்கு ஆபத்தில் ஓடி வர வேண்டியவரிடம் முன்கூட்டியே சண்டை போட்டுக்கொள்ளக் கூடாது.

திருட்டு நடந்துவிட்டால் பதிவை உடனே தனியாக நகல் எடுத்து வையுங்கள், அசலையும் அழிக்காதீர்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. கேமராவில் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுவது நல்லது.

இப்போது ஆச்சியின் கேள்விக்கு வருகிறேன். யார் வருவார்?

வரப்போவது பக்கத்து வீட்டுக்காரர்தான். அதனால் சென்சாரைவிட முக்கியம், போன் பெட்டியில் எந்த எண்களைப் பதிகிறோம் என்பது. அப்பா அச்சகத்தில் இருப்பார். ஆஃப்செட் இயந்திரச் சத்தத்தில் போன் கேட்காது. ஆகவே முதல் எண் எதிர்வீட்டு மாமா, இரண்டாவது தெருமுனைக் கடை அண்ணாச்சி, மூன்றாவதுதான் அப்பா. இருவரிடமும் நேரில் போய்ச் சொல்லிவிட்டுத்தான் பதிந்தோம். தீபாவளி வாரத்தில் சைரனை நம்பக் கூடாது, போன் மட்டும்தான் என்பதையும் பேசிக்கொண்டோம். சென்னையில் 2017-க்குப் பிறகு 'மூன்றாவது கண்' என்று தெருத்தெருவாக மக்களும் கடைக்காரர்களும் காசு போட்டுக் கேமரா வைத்தார்கள். நம் தெருவிலும் பத்து வீடு சேர்ந்தால் இரண்டு முனைக்கும் நல்ல கேமரா வைக்கலாம். ஆளுக்கு ஆகும் செலவு ஒரு சினிமாவுக்குப் போய்வரும் செலவைத் தாண்டாது என்றே நினைக்கிறேன்.

ஓடி வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்தபோது ஏறக்குறைய நாற்பது உயிர் போனது. அதில் பலர் சத்தம் கேட்டு உதவிக்கு ஓடியவர்கள். ஓடிப்போய் நிற்பது எங்கள் ஊரின் நல்ல குணம், ஆபத்தும் அதில்தான். அலாரம் அடித்தால் தனியாக வீட்டுக்குள் நுழைய வேண்டாம். விளக்கைப் போடுங்கள், சத்தம் கொடுங்கள், 112-ஐ அழையுங்கள் என்று மாமாவிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

இன்னொன்று. பட்டாசு ஆலையில் வேலை செய்யும் அறையின் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், உள்ளே இருப்பவர் தடையில்லாமல் வெளியே ஓட வழி வேண்டும். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால் வீட்டில் என்ன செய்கிறோம்? ஜன்னலெல்லாம் கம்பி, வாசலில் கிரில், உள்பக்கம் பூட்டு, சாவி எங்கேயோ. தீப்பிடித்தால் ஆச்சி எப்படி வெளியே வருவார்? திருடனுக்குப் போட்ட பூட்டு நம்மையே அடைக்கக் கூடாது. கிரில் சாவி ஒன்று கதவுக்குப் பக்கத்தில், உள்ளே இருப்பவர் கைக்கு எட்டும் ஆணியில் எப்போதும் தொங்க வேண்டும். வெளியிலிருந்து கைவிட்டால் எட்டக் கூடாது. (இங்கே சொன்ன கருவிகள் வீட்டுக்கு மட்டும். மருந்து இருக்கும் அறைக்குச் சாதாரண கேமரா, சைரன் எதுவும் கூடவே கூடாது. ஒரு பொறி போதும்.)

அப்படியானால் மாதச் சந்தாவே வீணா? அப்படியும் சொல்ல மாட்டேன். 2024 நவம்பரில் பல்லடம் அருகே தோட்டத்து வீட்டில் மூன்று பேரும், 2025-இல் ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் தோட்டத்து வீட்டில் ஒரு முதிய தம்பதியும் கொல்லப்பட்டதைப் படித்திருப்பீர்கள். கூப்பிடு தூரத்தில் அடுத்த வீடே இல்லாதவர்களுக்கு, பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு, யாராவது ஒருவர் விழித்திருக்கிறார் என்பதற்குக் காசு கொடுப்பதில் தவறில்லை. ஆனால் வாங்கும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "அலாரம் அடித்தால் எங்கள் வாசலுக்கு யார் வருவார், எத்தனை நிமிடத்தில்?" எங்கள் வீட்டுக்கு வந்தவரிடம் அப்பா இதைக் கேட்டார். "நாங்க உங்களுக்குத் தகவல் கொடுப்போம் சார்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

பட்டியலில் உள்ளவற்றை வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் மாட்டினோம். ஆச்சிக்கு ஒரு ரிமோட் பொத்தான். கழுத்துக் கயிற்றில் சாவியோடு சேர்த்துப் போட்டுக்கொண்டார். சரிபார்க்க ஒருமுறை அழுத்தச் சொன்னோம். எதிர்வீட்டு மாமா லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஒரு நிமிடத்துக்குள் வாசலில் நின்றார். ஆச்சி அவரை உட்காரவைத்து மோர் கொடுத்தார்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் முதல் எண் யாருடையது? அவரிடம் சொல்லிவிட்டீர்களா?